வளரும் குவாட்டர்பேக்கை எப்படி எடை போடுவது?



இன்று காய்ச்சல், தடுப்பூசி எதுவும் கிடையாது. ஃபேன்டசி ஃபுட்பால் பற்றிப் பேசப் போறேன். குழந்தைகள் நல மருத்துவருக்கு இதில் என்ன வேலைன்னு கேட்கிறீங்களா? கொஞ்சம் பொறுமையா படிங்க.

அமெரிக்காவில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனையில் 12 பேர் சேர்ந்து ஒரு லீக் ஆடுகிறோம். டாக்டர்கள், நர்ஸ்கள், ஒரு மருந்தாளுநர், ஒரு எக்ஸ்ரே டெக்னீஷியன். பணம் கட்டி ஆடுவது இல்லை. கடைசி இடம் பிடிப்பவர் மொத்த வார்டுக்கும் டோனட் வாங்கித் தரணும். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் மாசம் வந்தாலே யாராவது ஒருவர் என்னைக் காரிடாரில் நிறுத்தி ஒரே கேள்வியைக் கேட்பார்.

"டாக்டர், என்கிட்ட ரெண்டாவது வருஷம் ஆடுற ஒரு குவாட்டர்பேக் இருக்கான். வச்சுக்கலாமா, வித்துடலாமா?"

அதற்கு நான் சொல்லும் பதில்தான் இந்த இழை.

முதலில் ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி.

அமெரிக்கன் ஃபுட்பாலில் பந்தைக் கையில் வாங்கி, ஏறக்குறைய மூன்று விநாடிக்குள் யாருக்கு எறிவது என்று முடிவு செய்பவர்தான் குவாட்டர்பேக். அவர் யோசிக்கும் அந்த மூன்று விநாடியும் நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஆட்கள் அவரைக் கீழே தள்ள ஓடி வந்துகொண்டிருப்பார்கள்.

ஃபேன்டசி என்பது, நிஜ வீரர்களை வைத்து நாம் உருவாக்கும் கற்பனை அணி. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் நிஜத்தில் ஆடுவது நமக்குப் புள்ளியாக வரும். டிரீம் 11 பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும். ஆனால் எங்கள் லீக்கில் ஒரு வீரர் ஒருவருக்கு மட்டும்தான் சொந்தம். நான் எடுத்துட்டா நீங்க எடுக்க முடியாது. சீசன் முடிந்த பிறகும் அவரை அடுத்தடுத்த வருடங்களுக்கு வைத்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம்.

அதனால்தான் "இந்தப் பையன் வளருவானா" என்ற கேள்விக்கு இவ்வளவு மதிப்பு.

சரி, புள்ளிக் கணக்குக்கு வருவோம். பரவலாக இருக்கும் முறை இதுதான்.

எறிந்து எடுக்கும் 25 யார்டுக்கு 1 புள்ளி. எறிந்து டச்டவுன் என்றால் 4. எதிரணி பந்தைப் பறித்தால், அதாவது இன்டர்செப்ஷன் ஆனால், 2 கழியும்.

ஓடி எடுக்கும் 10 யார்டுக்கு 1 புள்ளி. ஓடி டச்டவுன் என்றால் 6.

ஒரு நிமிஷம் நின்று யோசிங்க. கையால் 25 யார்டு எடுப்பதும் காலால் 10 யார்டு எடுப்பதும் இங்கே ஒன்றுதான்.

இப்போ ஒரு உதாரணம். ஜாஷ் ஆலன். 2018இல் பஃபலோ பில்ஸ் அணி 7ஆவது ஆளாக டிராஃப்டில் எடுத்தது. முதல் வருடம் 12 ஆட்டம். எறிந்த பந்துகளில் 52.8 சதவீதம்தான் சரியான ஆளிடம் போய்ச் சேர்ந்தது. 10 டச்டவுன், 12 இன்டர்செப்ஷன். பார்த்தவர்கள் எல்லாம் உதட்டைப் பிதுக்கினார்கள்.

ஆனால் அதே வருடம் 631 யார்டு ஓடினார். ஓடியே 8 டச்டவுன்.

கணக்குப் போட்டுப் பாருங்க. கையால் சம்பாதித்தது சுமார் 99 புள்ளி. காலால் சம்பாதித்தது சுமார் 111. எறியவே தெரியலன்னு திட்டு வாங்கிய வருடத்தில், கால்கள் ஃபேன்டசி ஆடுபவருக்குச் சோறு போட்டன.

இதுதான் முதல் பாடம். ஓடத் தெரிந்த இளம் குவாட்டர்பேக், எறியக் கற்றுக்கொள்ளும் காலத்திலும் உங்களுக்குப் புள்ளி தருவார். ஓடாதவருக்கு அந்த வசதி இல்லை.

பெரும்பாலானோர் இங்கேயே நின்று விடுகிறார்கள். "ஓடுறானா? வாங்கிப் போடு." அங்கேதான் சிக்கல்.

ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் கதையைப் பாருங்க. சிகாகோ பேர்ஸ், 2021இல் 11ஆவது ஆளாக எடுத்தது. 2022இல் 1143 யார்டு ஓடினார். ஒரு குவாட்டர்பேக்குக்கு இது அசாத்தியமான எண். ஃபேன்டசி ஆடியவர்கள் கொண்டாடினார்கள்.

2024 மார்ச்சில் அதே சிகாகோ அவரைப் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸுக்குக் கொடுத்துவிட்டது. பதிலுக்கு வாங்கியது என்ன தெரியுமா? நிபந்தனையுடன் கூடிய ஒரு ஆறாவது சுற்றுத் தேர்வு. கிட்டத்தட்ட சும்மா கொடுத்த மாதிரி.

ஏன்? புள்ளியை நாம் எண்ணுகிறோம். வேலையைக் கொடுப்பது பயிற்சியாளர். பயிற்சியாளர் நம் ஸ்கோர் அட்டையைப் பார்ப்பதே இல்லை.

ஆக, ஒரு கேள்வி இல்லை, இரண்டு கேள்வி இருக்கிறது. இந்த வாரம் புள்ளி தருவாரா? அதற்குக் கால் பதில் சொல்லும். இரண்டு வருடம் கழித்தும் களத்தில் இருப்பாரா? அதற்குக் கைதான் பதில் சொல்லணும்.

இரண்டையும் கலந்து குழப்பிக்கொண்டால் கைப்பொருள் போய்விடும்.

அந்தக் கை வளருதா இல்லையா என்று எப்படிப் பார்ப்பது? இங்கேதான் என் தொழில் வருகிறது.

என்னிடம் ஒரு ஒன்பது மாதக் குழந்தையைக் கொண்டு வந்து, "டாக்டர், எடை கம்மியா இருக்கு" என்று அம்மா சொன்னால், அன்றைய எடையை மட்டும் வைத்து நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். குரோத் சார்ட்டை எடுப்பேன். பிறந்தபோது எவ்வளவு, மூணு மாசத்தில் எவ்வளவு, ஆறில் எவ்வளவு என்று புள்ளிகளை வைத்துக் கோடு போடுவேன். குழந்தை சின்னதாகவே இருக்கலாம். தன் கோட்டில் ஏறிக்கொண்டிருந்தால் எனக்குப் பயமில்லை. நல்ல எடையில் இருந்த குழந்தையின் கோடு படுத்துவிட்டால்தான் கவலை.

அதே மாதிரி மூன்று பேருக்குக் கோடு போடுவோம். எறிந்த பந்து போய்ச் சேர்ந்த சதவீதம், முதல் மூன்று வருடங்கள்.

ஜாஷ் ஆலன்: 52.8, 58.8, 69.2.

ஜேலன் ஹர்ட்ஸ், ஃபிலடெல்பியா ஈகிள்ஸ், 2020இல் 53ஆவதாக எடுக்கப்பட்டவர்: 52.0, 61.3, 66.5.

ஜஸ்டின் ஃபீல்ட்ஸ்: 58.9, 60.4, 61.4.

முதல் வருடத்தை மட்டும் பார்த்தால் மூவரில் ஃபீல்ட்ஸ்தான் முதலிடம்! மூன்றாவது வருடம் அவர் கடைசி. அவர் மோசமாகிவிடவில்லை. வளர்ந்தார். ஆனால் ஒன்றரையும் ஒன்றுமாக வளர்ந்தார். மற்ற இருவரும் தாவினார்கள்.

இன்னொரு எண்ணும் பார்ப்பேன். நூறு முறை எறிந்தால் எத்தனை முறை பந்தை எதிரணியிடம் கொடுக்கிறார் என்பது.

ஆலன் முதல் வருடம் 320 முறை எறிந்து 12 பறிகொடுத்தார். நூற்றுக்குக் கிட்டத்தட்ட 4. இரண்டாம் வருடம் 461க்கு 9. நூற்றுக்கு 2. பாதியாகக் குறைந்துவிட்டது. அந்த வருடம் அவருடைய சதவீதம் இன்னும் 58.8தான், ஊர் இன்னும் சந்தேகத்தோடுதான் பார்த்தது. பெரிய தாவல் அடுத்த வருடம்தான் வந்தது. முடிவெடுக்கும் புத்தி முதலில் தெளிந்தது, குறி அப்புறம் வந்தது.

ஒருவரை வைத்து விதி எழுதிவிட முடியாது. ஆனாலும் இரண்டாம் வருடப் பையன் யாரைப் பார்த்தாலும் என் கண் முதலில் இந்த எண்ணுக்குத்தான் போகும்.

அடுத்து, சாப்பாடு.

குழந்தை எடை ஏறலன்னா குழந்தையைக் குறை சொல்வோமா? யார் ஊட்டுறாங்க, என்ன ஊட்டுறாங்க, வீட்டில் நிலைமை என்னன்னு கேட்போம். குவாட்டர்பேக்குக்கும் அதேதான். பந்தைப் பிடிக்க நல்ல ஆள் உண்டா? முன்னால் நின்று அவரைக் காக்கும் வரிசை உறுதியா?

ஆலன் தாவிய 2020இல்தான் ஸ்டெஃபான் டிக்ஸ் பஃபலோவுக்கு வந்தார். அந்த வருடம் லீக்கிலேயே அதிகமாக, 127 பந்துகளைப் பிடித்தார். ஹர்ட்ஸ் தாவிய 2022இல்தான் ஏ.ஜே. பிரவுன் ஃபிலடெல்பியாவுக்கு வந்தார்.

ஃபீல்ட்ஸுக்கோ 2022இல் பாதுகாப்பே சரியில்லை. 55 முறை கீழே வீழ்த்தப்பட்டார். ஆனால் 2023இல் டி.ஜே. மூர் வந்து 1364 யார்டு எடுத்துக் கொடுத்தார். சாப்பாடு வந்தது. கோடு ஒரு சதவீதம்தான் ஏறியது. நல்லா ஊட்டியும் ஏறலன்னா, அப்போதான் நான் அடுத்த டெஸ்ட் எழுதுவேன்.

இப்போ விலை.

"இவன்தான் அடுத்த ஜாஷ் ஆலன்." இந்த வசனம் ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு பையனைப் பற்றி வரும். ஆலன் மாதிரி வந்தவர்களை நாம் ஞாபகம் வைத்திருக்கிறோம். வராதவர்களை மறந்துவிடுகிறோம். ஒரு அரிதான நோயை இரண்டு முறை பார்த்த டாக்டருக்கு, வர்ற நோயாளி எல்லாருக்கும் அதே நோய் இருக்கிற மாதிரி தெரியும் இல்லையா, அதே கோளாறு.

எண்ணிப் பார்ப்போம். 2018இல் முதல் சுற்றில் ஐந்து குவாட்டர்பேக்: மேஃபீல்ட், டார்னால்ட், ஆலன், ரோசன், லமார் ஜாக்சன். 2021இல் ஐந்து: லாரன்ஸ், வில்சன், லான்ஸ், ஃபீல்ட்ஸ், மேக் ஜோன்ஸ்.

இந்தப் பத்துப் பேரில் ஏழு பேரை, அவர்களை எடுத்த அணியே ஐந்தாவது சீசன் தொடங்கும் முன் வேறு அணிக்குத் தள்ளிவிட்டது. பத்தில் ஏழு!

ஆலனும் ஜாக்சனும் லீக்கின் மிக மதிப்புமிக்க வீரர் விருதே வாங்கினார்கள். ஆனால் அவர்கள் விலையைக் கொடுத்து நீங்கள் வாங்குவது, பத்தில் ஏழு முறை இடம்பெயர்ந்த ஒரு கூட்டத்தில் இருந்து.

அதனால் உங்கள் பையனுக்கு யாராவது ஆலன் விலை தருவதாகச் சொன்னால் யோசிக்காதீங்க, கொடுத்துடுங்க. அந்த விலையில் வெற்றி ஏற்கனவே எண்ணப்பட்டுவிட்டது. உடைந்த விலைக்குக் கேட்டால் வைத்திருங்க.

லீக்கின் அமைப்பையும் பாருங்க. எங்கள் லீக்கில் 12 பேர், ஆளுக்கு ஒரு குவாட்டர்பேக்தான் ஆட வைக்க முடியும். என்எஃப்எல்லில் 32 அணி. ஆக நல்லவரே சிலர் சும்மா கிடைப்பார். பெஞ்சில் ஒரு பையனை மூன்று வருடம் வளர்ப்பது இங்கே அவ்வளவு அவசியமில்லை. ஆளுக்கு இரண்டு பேர் ஆடலாம் என்றால் 24 பேர் தேவை. அங்கே அதே பையன் தங்கம். மருந்து ஒன்றுதான், நோயாளியைப் பொறுத்து அளவு மாறும்.

கடைசியா, இதைச் சொல்லாமல் முடிக்க எனக்கு மனசில்லை.

கால் சோறு போடும் என்று சொன்னேன். அந்தச் சோறு உடம்பை அடகு வைத்து வருவது.

ஆன்டனி ரிச்சர்ட்சன். இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் 2023இல் 4ஆவதாக எடுத்தது. கல்லூரியில் மொத்தமே 13 ஆட்டம்தான் தொடக்கத்திலிருந்து ஆடியவர். வந்த வேகத்தில் நான்கே ஆட்டத்தில் ஓடியே 4 டச்டவுன். இரண்டாவது ஆட்டத்தில் தலையில் அடி, மூளை அதிர்ச்சி. அப்புறம் எறியும் தோளில் அடி. காறை எலும்பு தோள்பட்டையோடு சேரும் மூட்டு. அறுவை சிகிச்சை, சீசன் முடிந்தது.

அவருக்கு அப்போது 21 வயது. திரும்பி வந்த 2024இல் சதவீதம் 47.7. எட்டு டச்டவுன், 12 இன்டர்செப்ஷன். கற்றுக்கொள்ள வேண்டிய வருடத்தை ஆஸ்பத்திரியில் கழித்த பையன் அவர். அந்த எண்ணை மட்டும் வைத்து அவரை முடிந்துபோன ஆள் என்று சொல்ல என் கை வராது.

அவர் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே போன அந்த ஞாயிறு எங்கள் குரூப்பில் வந்த முதல் செய்தி, "யார் சும்மா கிடைக்கிறாங்க?" எல்லாரும் மருத்துவமனை ஆட்கள்! பத்து நிமிஷம் கழித்து எக்ஸ்ரே டெக்னீஷியன்தான் கேட்டார், "எந்தத் தோள்?"

ஒருவரை எடை போடுவது தப்பில்லை. நான் தினமும் அதைத்தான் செய்றேன். ஆனால் எடை என்பது இன்றைய அளவு மட்டும்தான். "உருப்படாதவன்" என்று ஒதுக்கப்பட்ட மேஃபீல்ட் 2024இல் டாம்பா பே அணிக்காக 41 டச்டவுன் எறிந்தார். டார்னால்ட் அதே வருடம் மினசோட்டாவுக்காக 35. இருவருக்கும் அது ஏழாவது சீசன். வீடு மாறியது, சாப்பாடு மாறியது, பிள்ளை தேறியது. அவ்வளவு வருடம் உங்கள் பெஞ்சில் வைத்திருக்க முடியாது, சரிதான். விற்றுவிடுங்க. அவர்கள் மேல் முத்திரை மட்டும் குத்தாதீங்க.

சுருக்கமா:

1. ஓடுறாரா? இந்த வருடப் புள்ளிக்கு அது அடித்தளம்.

2. பந்தைப் பறிகொடுப்பது குறையுதா? ஒரு வருடத்தை வைத்து முடிவு செய்யாதீங்க, கோட்டைப் பாருங்க.

3. நல்ல ஆட்கள் வந்த பிறகும் கோடு படுத்தே கிடக்கா? கவனம்.

4. அணி அவருக்குப் போட்டியாக வேறு ஆளைக் கொண்டு வருதா? பயிற்சியாளரின் பேச்சை விட அது உண்மை.

5. உங்கள் லீக்கில் எத்தனை குவாட்டர்பேக் தேவை? அதற்கேற்ற விலை.

6. அடிபட்டு விழுந்தால், முதலில் "எப்படி இருக்கார்"ன்னு கேளுங்க. மாற்று ஆளைத் தேடப் பத்து நிமிஷம் கழித்தும் நேரம் இருக்கும்.

சந்தேகம் இருந்தா கேளுங்க. டியூட்டி முடிந்ததும் பதில் போடுறேன்.