ஒடியற் கூழ்

கல்லூரி மலரில் கூழைப்பற்றி ஒருவன் எழுதுவதா என்று நண்பர் சிலர் நகைக்கக்கூடும். நகைப்பார்களாக. நாவிற் படிந்த சுவை நூலிற் படித்த செய்தியினும் நெடுநாள் நிற்பதை அவர்களும் அறிவார்கள். அன்றியும், விடுமுறையிற் சென்ற இடத்தில் உண்ட ஒரு பண்டத்தை வீட்டிற் சமைத்துப் பார்க்கப் புகுந்து, என் குடும்பத்தைப்பற்றியே யான் அறியாதிருந்த ஒன்றை அறிந்துகொண்டேன். அதனையே ஈண்டு எழுதுகின்றேன்.

எம் ஊர் முத்தாண்டிக்குப்பம். நெய்வேலிக்கு அணித்தே, செம்மண் நிலத்தில், முந்திரித் தோப்புகளும் பலாமரங்களும் சூழ அமைந்தது. எம் கொல்லையின் வரப்பில் என் தந்தையாரின் பாட்டனார் ஊன்றிய பனைகள் 11 நிற்கின்றன. சென்ற சித்திரை மாதத்தில் அவற்றைச் செங்கற்சூளைக்கு விறகாக விற்பதென முடிவு செய்து, என் தந்தையார் ஒரு வணிகரிடம் முன்பணமும் பெற்றுவிட்டார். பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் இசைவு வேண்டுமெனத் தமிழ்நாட்டு அரசு 2021 ஆம் ஆண்டு வேளாண்மை நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. அவ்விசைவைப் பெறும் பொறுப்பு தம்முடையதென வணிகர் கூறினார். அது வரும்வரை மரங்கள் நின்றிருந்தன. முன்பணம் என் கல்லூரிக் கட்டணத்திற்கென்று பெறப்பட்டது. ஆதலின் எனக்கு அதில் வருத்தம் யாதும் இருந்ததில்லை. எங்கள் வீட்டில் பனை பொருட்படுத்தப்படாத ஒரு மரம். கோடையில் நுங்கினை அயலார் சிறுவர் வெட்டிக்கொண்டு போவர். ஆவணியிற் பழங்கள் விழுந்து மாடு மிதித்துக் கிடக்கும். அவ்வளவே.

அக்கோடையில் என் தாய்மாமனுடன் யாழ்ப்பாணம் செல்லும் வாய்ப்பு வந்தது. நாகப்பட்டினத்திற்கும் காங்கேசன்துறைக்கும் இடையே, ஏறக்குறைய 40 ஆண்டுகளாக அற்றிருந்த பயணிகள் கப்பற்போக்குவரத்து 2023 அக்டோபர் 14 ஆம் நாள் மீண்டும் தொடங்கப்பெற்றதை அன்பர்கள் அறிந்திருப்பார்கள். அவ்வழியே நாங்களும் சென்றோம். காலையிற் கப்பலேறினோம், பிற்பகலுக்குமுன் அக்கரையில் இறங்கினோம். இத்துணை அணித்தாயுள்ள நாட்டை இத்தனை ஆண்டு தொலைவென எண்ணியிருந்தோமே என்று நாணினேன்.

யாழ்ப்பாணத்துக்கு மேற்கே தீவுகள் பல உள. குறிகட்டுவான் துறையிலிருந்து படகில் ஒரு மணி நேரம் சென்றால் நெடுந்தீவு. ஒல்லாந்தர் தம் நாட்டு நகரொன்றின் பெயரால் அதனை ‘டெல்ஃப்ட்’ என்றனர். அங்கே காணிகளுக்கு வேலி பவளக்கல்லால் அடுக்கப்பட்டது. வெட்டவெளியில் காட்டுக்குதிரைகள் மேய்கின்றன. எங்கு நோக்கினும் பனை. வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத அச்சுண்ணாம்புக்கல் நாட்டில் பனையே மக்களுக்குத் தாயாக நின்றிருக்கின்றது. ஓலை கூரையாயிற்று, மரம் உத்தரமாயிற்று, பழம் பனாட்டாயிற்று, கிழங்கு மாவாயிற்று. பனையின் அபிவிருத்திக்கென்றே 1978 இல் அந்நாட்டில் ஒரு சபையும் அமைக்கப்பெற்றது.

நாங்கள் தங்கிய வீட்டு அம்மையார் இரண்டாம் நாள் மாலை முற்றத்தில் மூன்று கற்களைக் கூட்டி, பெரிய பானையொன்றை ஏற்றினார். “இண்டைக்கு உங்களுக்கு ஒடியற் கூழ்” என்றார். எம் ஊரிற் கூழெனில் கேழ்வரகுக் கூழே. ஆடித் திங்களில் மாரியம்மன் கோயிலில் வார்ப்பதும் அதுவே. இஃதோ வேறு. கொதிக்கும் நீரில் ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, பயற்றங்காய் ஆகியவற்றை இட்டார். அவை வெந்தபின் மீன்தலை, நண்டு, இறால் இவற்றை இட்டார். செத்தல் மிளகாயும் மஞ்சளும் அரைத்துப் புளியுடன் கலந்து ஊற்றினார். பின்பு ஒடியல் மாவைக் கரைத்து விட்டுத் துழாவினார். இறுதியில் முருங்கையிலை. யான் என் கைப்பேசியிற் படம் பிடிப்பதிலேயே முனைந்திருந்தேன். “தம்பி, படம் பிறகு எடுக்கலாம், முதல் இந்த மாவைப் பாரும்” என்று அவர் ஏதோ சொல்லிக் காட்டியதும் என் செவியில் முழுதும் ஏறவில்லை.

உறவினரும் அயலாரும் வந்து சூழ்ந்தனர். பனையோலையை மடித்துக் கோலிய பிளாவில் கூழை வார்த்தனர். உறைப்பும் புளிப்பும் கடல்மணமும் கூடி, அடியில் மெல்லிய ஒரு கசப்பும் நின்றது. வியர்வை ஒழுக ஒழுக ஊதிக் குடித்தோம். விருந்தினர்க்கென்றே அதனைக் காய்ச்சினார்கள் என்று மாமா கூறினார். விடைபெறுங்கால் அவ்வம்மையார் இரண்டு கிலோ ஒடியல் மாவைக் கட்டி என் பையில் வைத்தார்.

ஊர் திரும்பிய முதல் ஞாயிற்றுக்கிழமையே அக்கூழை வீட்டிற் காய்ச்சிப் பெருமை கொள்ள விரும்பினேன். அது பலாப்பழக் காலம். பண்ணுருட்டிச் சுற்றுவட்டத்தில் அப்பொழுது பலாக்கொட்டைக்குப் பஞ்சமுண்டோ? மரவள்ளி சந்தையிற் கிடைத்தது. முருங்கை கொல்லையில் நின்றது. கடலூரிலிருந்து மீன் கொணரும் வணிகரிடம் நண்டும் இறாலும் பெற்றோம். வெளிநாட்டுப் பண்டமென யான் எண்ணிய அதற்கு, மாவொன்று நீங்கலாக யாவும் எம்மூர்ப் பொருள்களாகவே இருந்தது எனக்கே வியப்பாயிற்று.

அன்னையார் அடுப்பருகே நிற்க, யான் தலைவனாக நின்று ஏவினேன். உலர்ந்த மாவை அப்படியே கொதிக்கும் பானையிற் கொட்டச் சொன்னேன். கொட்டிய கணத்தில் அது கட்டி கட்டியாகத் திரண்டது. அகப்பையில் எடுத்துச் சுவைத்த அன்னையார் முகம் சுளித்தார். வேம்பு போன்று கசந்தது.

என் பாட்டியாரை நாங்கள் ஆயா என்று அழைப்போம். அகவை 80 நெருங்குகிறது. ‘அது என்ன பண்டமோ, எனக்கு வேண்டா’ என்று அன்று காலையிலிருந்தே திண்ணையில் முகந்திருப்பி அமர்ந்திருந்தார். அங்கிருந்தவாறே வினவினார்: “மாவை ஊறப்போட்டு, தெளிஞ்ச தண்ணிய இறுத்தியா கண்ணு?”

நாங்கள் திகைத்து நோக்கினோம். எங்கள் வீட்டில் ஒருநாளும் இம்மாவைக் கண்டவரில்லை. “உங்களுக்கு எப்படித் தெரியும் அத்தை?” என்று அன்னையார் கேட்டார்.

ஆயா சிறிதுநேரம் பேசவில்லை. பின்பு மெல்லச் சொன்னார்: “மழை பொய்ச்ச வருஷத்துல எங்க அம்மா கிழங்கைப் பிளந்து கூரைமேல காயவைப்பாங்க. உரல்ல இடிச்சு, கசப்புப் போக ஊறவச்சு, கூழ் காய்ச்சுவாங்க. மீனு ஏது, நண்டு ஏது? முருங்கைக்கீரையும் உப்புந்தான். பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க என்னைப் பனங்கூழுன்னு கேலி பண்ணும். அதோட நான் போகவே இல்லை. என் பிள்ளைங்க வாயில இது படக்கூடாதுன்னு வைராக்கியம் வச்சேன்.”

சற்றுப் பொறுத்து, “அங்கே வெளியூர்லேருந்து வந்தவங்களுக்கு இதையா கொடுத்தாங்க?” என்று கேட்டார்.

“ஆமாம் ஆயா. விருந்து என்றுதான் கொடுத்தார்கள்” என்றேன்.

அவர் மறுமொழி கூறவில்லை. எழுந்து உள்ளே வந்து, எஞ்சிய மாவை ஒரு சட்டி நீரில் தம் கையாலேயே கரைத்து வைத்தார். ஒரு மணி நேரத்திற்குப்பின் மேல்நின்ற நீரை இறுத்தார். மீண்டும் நீர் வார்த்து மீண்டும் இறுத்தார். புதிதாக ஏற்றிய பானையில் அம்மாவு கட்டியின்றிக் கலந்தது. அன்றிரவு யாவரும் குடித்தோம். ஆயாவும் குடித்தார். திண்ணையிலிருந்த தந்தையார் இவை யாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

நான்கு நாள் கழித்து ஆயா தந்தையாரிடம், “அந்த மரங்களுக்கு எவ்வளவு கொடுக்கிறான்?” என்று வினவினார். தந்தையார் தொகையைச் சொன்னார். “அவ்வளவுதானா?” என்ற ஒரு சொல்லோடு ஆயா நிறுத்திக்கொண்டார். அடுத்த வாரம் தந்தையார் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். என் கட்டணத்துக்கு என் செய்வது என்பது அதன்பின் எழுந்த வினா. அன்னையாரும் யானும் எம்மூரிற் பலரும் செய்வதுபோல முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலையில் இறங்கினோம். அக்கொட்டையின் எண்ணெய் பட்ட விரல்கள் கறுத்துத் தோலுரியும். இதனை எழுதும் கையிலும் அக்கறை இன்னும் மாறவில்லை. ஆயினும் கட்டணம் கட்டியாயிற்று.

ஆவணியில் விழுந்த பழங்களை இம்முறை மாடு மிதிக்கவிடவில்லை. ஆயா காட்டியபடி மண்ணைக் கூட்டிப் பாத்தி கட்டி, 200 கொட்டைகளை அடுக்கி மூடினோம். தை மாதத்தில் தோண்டினோம். ஒரு பாதியைப் பொங்கலுக்கு மஞ்சளும் உப்பும் இட்டு அவித்தோம். மற்றப் பாதியைத் தோலுரித்து இரண்டாகப் பிளந்து வெயிலிற் காயவைத்தோம். பச்சையாகப் பிளந்து உலர்த்துவது ஒடியல் என்றும், அவித்து உலர்த்துவது புழுக்கொடியல் என்றும் யாழ்ப்பாணத்தார் வழங்குவர். எம்மூரில் அவற்றிற்குப் பெயர் என்ன என்று ஆயாவைக் கேட்டேன். “பேரு வச்சா பேசணும் இல்லையா? யாரும் பேசினதில்லை” என்றார்.

எங்கள் மாவிலேயே எங்கள் கூழைக் காய்ச்சிய நாளில் அயலாரையும் அழைத்திருந்தோம். ஆயா அன்னையாரிடம், “மீன் போடாம ஒரு சின்னச் சட்டியில தனியா காய்ச்சு” என்றார். முருங்கைக்கீரையும் உப்பும் மட்டும் இட்ட அந்தக் கூழை எங்கள் ஒவ்வொருவர்க்கும் ஒரு வாய் கொடுத்தார். “இதுதான் நான் குடிச்சது” என்றார். தந்தையார் தம் பங்கைக் குடித்துவிட்டு இன்னும் சிறிது கேட்டார்.

அது சுவையாக இருந்ததென்று யான் பொய் கூறமாட்டேன். ஆனால் விருந்தென்று ஓரிடத்தில் உயர்த்தப்படுவதும் வறுமையென்று ஓரிடத்தில் மறைக்கப்படுவதும் ஒரே கிழங்குதான் என்பதை அன்று உணர்ந்தேன். இழிவு பண்டத்தில் இல்லை. ஏளனம் செய்தார் வாயில் இருந்தது. அவ்வாய்ச்சொல் ஒரு சிறுமியைப் பள்ளியினின்று நிறுத்திற்று. அவள் பேரனாகிய யான் கல்லூரியில் அமர்ந்து அதனை எழுதுகின்றேன்.

தென்னை வைத்தவன் தின்று சாவான், பனை வைத்தவன் பார்த்துச் சாவான் என்பது பழமொழி. எங்கள் பாட்டனாரின் தந்தையார் எம்மைப் பாராமலே ஊன்றிப்போனார். தோண்டிய பாத்தியில் ஒன்பது கொட்டைகளை எடுக்காமல் விட்டிருக்கிறேன். அவை முளைத்துள்ளன.