அரை மில்லிமீட்டர் ஜல்லி

ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்தை ஒட்டி, கால்வாய்களுக்கு நடுவே சிவப்புச் செங்கல் கிடங்குகள் வரிசையாக நிற்கின்றன. ஒரு காலத்தில் காபிக்கொட்டையும் மசாலாச் சரக்கும் அடுக்கி வைத்த இடம். அதில் ஒரு கிடங்கில் 2001-ல் பிரவுன் சகோதரர்கள் ஆரம்பித்ததுதான் 'மினியாட்டூர் வுண்டர்லாண்ட்' எனும் பொம்மை ரயில் உலகம்!

கூட்டிப்போனவன் என் பி.காம். தோழன். டிக்கெட்டும் அவன் செலவு. எனவே குறை சொல்ல எனக்கு உரிமையில்லை.

எல்லாமே நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. ஆறடி மனிதர் இரண்டு சென்டிமீட்டர். கால் மணிக்கொரு தரம் 'ராத்திரி' வருகிறது. விளக்கு அணைந்தால் நம்மூரில் 'போச்சுடா' என்போம். இங்கே குழந்தைகள் குதிக்கிறார்கள்.

எல்லோரும் ரயிலைப் பார்க்க, நான் மட்டும் ரயிலுக்குக் கீழே இருந்த ஜல்லியைப் பார்த்தேன். காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன்.

"மாப்ளே, அவ்ளோ பிடிச்சிருக்கா? வீட்டுக்கு வா" என்றான் தோழன். அவன் சாப்பாட்டு மேஜை மேல் இரண்டடி தண்டவாளம்!

நம் ரயில்வே ஜல்லி சுமார் 50 மில்லிமீட்டர். 87-ஆல் வகுத்தால் அரை மில்லிமீட்டர் சொச்சம். ரவை மாதிரி. ஸ்பூனால் தூவி, பெயின்ட் பிரஷ்ஷால் ஸ்லீப்பர் கட்டைகளுக்கு நடுவே தள்ள வேண்டும். கட்டை மேல் ஒன்று நின்றாலும் அசிங்கம். தண்டவாளத்தின் உள்பக்கம் ஒட்டினால் சக்கரம் தடுக்கும். பிறகு தண்ணீரைப் பனி போலத் தெளித்து, பாதிப் பசை பாதித் தண்ணீர் கலந்து, சொட்டுச் சொட்டாக விட வேண்டும்.

விட்டேன். பசை முத்து முத்தாக உருண்டு, ஜல்லியைத் தூக்கிக்கொண்டு மிதந்தது.

"டேய், சோப்பு போட்டியா?"

"காலையிலேயே குளிச்சிட்டேன்டா."

"தண்ணியிலடா!"

பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு கலந்தால்தான் தண்ணீர் உருண்டு நிற்காமல் ஜல்லிக்குள் இறங்குமாம். பின்னாலேயே பசையும் இறங்கும். மறுபடி ஒரு இரண்டடி. ராத்திரி முழுக்கக் காய்ந்து, காலையில் கல்லாக நின்றது.

பெருமை தாங்காமல் அப்பாவுக்கு வீடியோ காலில் காட்டினேன்.

"கட்டை முனைக்கு வெளியே ஜல்லி பத்தலையேடா. வெயில்ல தண்டவாளம் நீளும்போது பக்கவாட்டுல நெளிஞ்சிடும்."

"அப்பா, இது பொம்மைப்பா."

"பொம்மைன்னா? உள்ளே ஆளு உக்காந்திருக்கே!"

ஜன்னலில் பார்த்தேன். உட்கார்ந்திருந்தார்கள்.

அப்பா ரிடையரான கேங்மேன். பீட்டரால் கட்டைக்கடியில் ஜல்லி இடித்து இடித்துக் கை காய்த்தவர். காலேஜ் விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'ரயில்வே' என்று மட்டும் எழுதினேன். கட்டத்தில் இடம் போதவில்லை என்று எனக்கு நானே சமாதானம். அப்பா அதைப் படித்தார். ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார்.

போனை வைத்ததும் தோழன் கேட்டான்: "உங்கப்பா ஸ்டேஷன் மாஸ்டர்தானே? ஜல்லி பத்தி இவ்ளோ தெரியுதே!"

காலேஜில் அவன் அப்படி நினைத்தபோது நான் திருத்தவில்லை.

"கேங்மேன்டா. முப்பது வருஷம் ஜல்லி போட்டவர்."

"முன்னாடியே சொல்றதுக்கென்ன? நம்பரைக் குடு, நிறைய சந்தேகம் இருக்கு" என்றான்.

கட்டை முனைக்கு வெளியே இன்னும் ஒரு ஸ்பூன் தூவினோம். இந்தத் தடவை சோப்பை மறக்கவில்லை.