தலை வரையப் போன கதை

போட்டோ பார்த்துப் படம் வரைகிறவர்களுக்கு ஒரு சின்ன கர்வம் இருக்கும். லாஸ்பேட்டையில் பி.காம். படிக்கிற ஒரு பையனுக்கும் இருந்தது. ரஜினி, அப்துல் கலாம், இளையராஜா என்று யார் வேண்டுமானாலும் சொல்லுங்கள். போட்டோ மேல் கட்டம் போட்டு, வெள்ளைத்தாளிலும் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டமாக இந்தக் கோட்டை அங்கே எடுத்து வைத்தால் முகம் தானாக வந்து உட்கார்ந்துவிடும். வகுப்பில் பாதிப் பேருக்குப் பிறந்தநாள் பரிசு இவன் கைவண்ணம்தான். (ஃப்ரேம் காசு மட்டும் கொடுத்தால் போதும் என்பதும் ஒரு காரணம் :))

2024 நவம்பர் 30ஆம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. கடந்ததோடு போகாமல் அங்கேயே நின்று, ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டித் தீர்த்தது. லாஸ்பேட்டை மேடு என்பார்கள். மேட்டிலும் பள்ளமான தெரு உண்டு, அவன் வீடு அங்கேதான். வெள்ளையடிக்கக் கழற்றிய தாத்தா போட்டோ ஆல்பங்களோடு சேர்ந்து கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டியில் இருந்தது. விடிந்து பெட்டியைத் திறந்தால் உள்ளே குளம்.

ஆல்பங்கள் போனது போனதுதான். தாத்தா போட்டோ மட்டும் ஃப்ரேமுக்குள் ஓரளவு நன்றாகவே இருந்தது. அப்படியே விட்டிருந்தால் பிழைத்திருக்கும். ஈரம் போகட்டும் என்று அவசரமாகக் கண்ணாடியைப் பிரித்தவன் அவன்தான். பழைய போட்டோத்தாளில் உருவம் இருப்பது மேலே பூசிய ஜெலட்டினில். நனைந்தால் அது பசை மாதிரி ஆகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். அவன் இழுத்த இழுப்பில் தாள் ஒரு பக்கம், முகம் ஒரு பக்கம். கண்ணாடியோடு சேர்த்து ஸ்கேன் செய்திருக்கலாம் என்பது அவனுக்குப் பிறகுதான் தெரிந்தது. (உங்கள் வீட்டில் இப்படி நனைந்த படம் இருந்தால் தயவுசெய்து பிரிக்காதீர்கள்.)

தாத்தா ஏஎஃப்டி மில்லில் வேலை பார்த்தவர். 1996இல் இறந்துவிட்டார், இவன் பிறப்பதற்கும் பல வருஷம் முன்னால். மில்லும் 2020இல் மூடியாயிற்று. வேறு படம் எங்கும் கிடைக்கவில்லை. ஆயா திட்டவில்லை. "போனா போவுது, உடுடா" என்றதோடு சரி. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

"நான் வரைஞ்சு குடுக்கறேன் ஆயா" என்று சொல்லிவிட்டான்.

இருபது வருஷம் தினமும் பார்த்த படம்தானே? பென்சிலை எடுத்து உட்கார்ந்தால் பிளாஸ்டிக் மாலை ஞாபகம் வருகிறது, ஃப்ரேமில் கரையான் அரித்த மூலை ஞாபகம் வருகிறது, முகம் மட்டும் வரவில்லை. கட்டம் இல்லாமல் அவனுக்கு ஒரு மூக்குகூட வராது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிறகு ஆன்ட்ரூ லூமிஸைப் பிடித்தான். 1956இல் தலையும் கையும் வரைவதற்கென்றே புத்தகம் எழுதிய அமெரிக்கர். அவர் வழி சுலபம் மாதிரி தெரியும். முதலில் ஒரு பந்து. இரண்டு பக்கமும் கொஞ்சம் சீவிவிட வேண்டும், மண்டை பக்கவாட்டில் தட்டைதானே. பந்தின் நடுவே சுற்றிவரும் கோடு புருவம். முடி தொடங்கும் இடத்திலிருந்து புருவம், புருவத்திலிருந்து மூக்கடி, மூக்கடியிலிருந்து தாடை, மூன்றும் சம அளவு. காது புருவத்துக்கும் மூக்கடிக்கும் இடையில். கண் இருப்பது உச்சியிலிருந்து தாடை வரை அளந்தால் சரிபாதியில். நம்ப மாட்டீர்கள், கண்ணாடி முன் நின்று அளந்து பாருங்கள். புதிதாக வரைகிறவர்கள் எல்லோரும் கண்ணை நெற்றியில் கொண்டுபோய் வைப்பார்கள். அவனும் வைத்தான்.

நம் ஸ்தபதிகளுக்கு இது பழைய சரக்கு. சிற்ப சாஸ்திரத்தில் முகத்தின் நீளம் ஒரு தாலம், அதாவது பன்னிரண்டு அங்குலம். (இது ஸ்கேல் அங்குலம் இல்லை, சிலையின் அளவுக்குத் தக்கபடி மாறும்.) அதை நான்கு நான்காக மூன்று பங்கு போடுவார்கள். லூமிஸ் போட்ட அதே பங்கு! மனிதத் தலை ஒன்றுதானே, மாமல்லபுரத்தில் அளந்தாலும் அமெரிக்காவில் அளந்தாலும்.

தினம் இருபது தலை என்று கணக்கு. காஸ்ட் அக்கவுண்டிங் நோட்டின் பின்பக்கம் முழுக்கப் பந்துகள். ஒரு மாதத்தில் தலை தலையாக வந்தது. ஆனால் ஒரு வேடிக்கை, எல்லாம் ஒரே ஆள். யாரென்று நண்பன்தான் கண்டுபிடித்தான்: "டேய், எல்லாம் நீதான்டா!" இது பெரிய ஆட்களுக்கும் வந்த வியாதிதான். ஓவியர்கள் தங்கள் சாயலையே வரைந்துவிடுவார்கள் என்று லியோனார்டோ டா வின்சி எச்சரித்திருக்கிறார். பக்கவாட்டில் பார்த்தால் மூக்கு பத்து வகை என்று பட்டியலும் போட்டு வைத்தார், மனப்பாடம் செய்துகொள்ளச் சொல்லி. கற்பனை என்று நாம் சொல்வதில் முக்கால்வாசி பார்த்து வைத்த சேமிப்புதான். பேலன்ஸ் இல்லாத அக்கவுண்ட்டில் செக் எழுதினால் திரும்பத்தானே செய்யும்?

சேமிப்புக்காகக் காலையில் ஹெலிபேட் மைதானத்துக்குப் போக ஆரம்பித்தான். பெரியவர்கள் நடக்க வருகிற இடம். ஒருவரை ஒரு நிமிஷம் பார்ப்பது, திரும்பி உட்கார்ந்து வரைவது, அவர் அடுத்த சுற்று வரும்போது சரிபார்ப்பது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸில் லெகோக் என்ற ஆசிரியர் மாணவர்களை இப்படித்தான் ஞாபகத்திலிருந்து வரைய வைத்தார். சிற்பி ரோடின் அவரிடம் படித்தவர். வயதானால் கன்னம் எங்கே இறங்கும், பல் போனால் உதடு எப்படி உள்ளே மடங்கும், எல்லாம் ஹெலிபேடில் இலவசமாகக் கிடைத்தது. முறைத்தவர்களும் உண்டு.

முகம் தெரியாத ஒருவருக்கு முகம் கொடுத்த பெரிய கதை நம்மிடமே இருக்கிறது. திருவள்ளுவரை யாரும் பார்த்ததில்லை. வேணுகோபால் சர்மா பல வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு வரைந்த படம் 1964இல் தமிழ்நாடு சட்டமன்றத்தில் திறக்கப்பட்டது. இன்று வள்ளுவர் என்றால் அந்த முகம்தான். ஆனால் சர்மாவுக்கு ஒரு வசதி இருந்தது. "இது அவர் இல்லை" என்று சொல்ல வாசுகி வரப்போவதில்லை. இவனுக்கு ஆயா இருந்தார்.

ஆயாவிடம் கேட்டுக் கேட்டு வரைந்தான். "மூக்கு எப்படி ஆயா இருக்கும்?" "மூக்கு மாதிரி இருக்கும். அவரு அவரு மாதிரிதான்டா இருப்பாரு." சொல்லத் தெரியாது. ஆனால் வரைந்ததைக் காட்டினால் தப்பை மட்டும் டக்கென்று பிடித்துவிடுவார். "இவரு எவரோ ஆபீசரு." "இவ்ளோ கோவக்காரர் இல்ல." "காது இன்னும் வெளிய நிக்கணும்டா. ஷிஃப்ட்டு முடிஞ்சி சைக்கிள்ல வந்தா தெருமுனையில காதுதான் மொதல்ல தெரியும்."

அப்பாவுக்கோ வேறு தாத்தா. மீசை நன்றாகக் கறுப்பாக, அடர்த்தியாக இருக்கும் என்றார். ஆயா சிரித்துவிட்டார். "அது போட்டோ புடிக்கிற அன்னிக்கி மை வெச்சிக்கினு போனாரு. மறுநாளே தலையாணி எல்லாம் கறை." பையன் அன்றைக்கு ராத்திரி வெகுநேரம் எதுவும் வரையவில்லை. கிழித்துவிட்டோமே என்று மாதக்கணக்கில் அழுத அந்தப் படத்திலேயே தாத்தா பாதிதான் இருந்திருக்கிறார். மீதி ஆயாவிடம் இருக்கிறது, ஆயாவுக்கு எண்பத்தொன்று.

நரைத்த மீசை, வெளியே நிற்கிற காது, கொஞ்சம் உள்வாங்கிய கன்னம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை இன்னொரு தலை போட்டுக் காட்டினான். ஆயா வழக்கம்போல் உடனே எதுவும் சொல்லவில்லை. கண்ணாடியை எடுத்து முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, தாளை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார்.

"இது உங்க தாத்தா இல்ல" என்றார். "அவரு தம்பி. வில்லியனூர்ல இருக்காரே, அவரு."

அடுத்த சனிக்கிழமை அவன் வில்லியனூர் பஸ் ஏறினான். சின்ன தாத்தா திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தவனிடம் கடைசியில் அவரே கேட்டுவிட்டார்:

"என்னடா, வந்ததுல இருந்து என் காதையே பாக்கற?"