திரும்பும் திசை

கோலாட்டம் ஆடத் தெரிந்தவர்கள் நம்மில் பலர் உண்டு. ஆனால் பின்னல் கோலாட்டத்தில் பின்னியதைத் திரும்ப அவிழ்க்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? சுங்காய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள் நான். அந்த அவிழ்ப்பில்தான் என் கணக்குத் தவறிப் போயிற்று.

எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் பெரியப்பா. காலையில் பால்வெட்டு, மாலையில் ஆட்டம். கொட்டகை உத்திரத்திலிருந்து எட்டுக் கயிறுகள் தொங்கும். பழைய சேலைக் கரைகளைக் கிழித்து லயத்துப் பெண்கள் திரித்தவை அவை. இடக்கையில் கயிறு, வலக்கையில் கோல். நான்கு பேர் ஒரு திசையில் போக, நான்கு பேர் எதிர்த்திசையில் வருவார்கள். எதிரில் வருபவளை வெளிப்புறமாகக் கடந்தால், அடுத்தவளை உட்புறமாகக் கடக்க வேண்டும். அப்படி மாறி மாறிப் போனால், மேலேயிருந்து ஜடை இறங்கி வரும்.

பெரியப்பா 'இடது, வலது' என்று சொல்லவே மாட்டார். வட்டத்தின் நடுவைப் பார்த்து நிற்பவள் இடப்பக்கம் நகர்ந்தால்தான் அது வலம்! எதிரே நின்று சொல்லிக் கொடுப்பவருக்கோ எல்லாம் தலைகீழ். "அம்மனை எப்படிம்மா சுத்துவே? நடு உன் வலத்தோள் பக்கம் இருக்கணும், அவ்வளவுதான்" என்பார்.

அண்மையில் மகள் வீட்டுத் தொலைக்காட்சியில் ஸ்காட்லாந்து கிராமிய நடனம் பார்த்தேன். கைகோத்து இடப்பக்கமாக எட்டு அடி போகிறார்கள், அப்படியே திரும்பி எட்டு அடி வருகிறார்கள். முதலில் அவர்கள் போவதும் நம்முடைய வலம்தான்! இந்த நடனத்துக்கென்றே 1923-இல் கிளாஸ்கோவில் சங்கம் அமைத்தார்களாம். அந்த நாட்டுத் துரைமார் பலர் நம் மலாயாத் தோட்டங்களை நடத்தியவர்கள். கிளப்புக்குள் அவர்கள் என்ன ஆடினார்கள் என்பது லயத்துக்காரர்களுக்கு எங்கே தெரியும்?

கதைக்கு வருகிறேன். பின்னல் முடிந்ததும் எல்லாரும் நின்ற இடத்திலேயே திரும்ப வேண்டும். கடைசியாக யாரைக் கடந்தோமோ அவளே இப்போது எதிரில் வருவாள். அவளை வெளிப்புறமாகக் கடந்திருந்தால், மறுபடியும் வெளிப்புறமாகவே கடக்க வேண்டும். வந்த வழியே திரும்பினால்தான் முடிச்சு அவிழும். மாறி மாறிப் போய்ப் பழகிய காலுக்கு இது எளிதில் பிடிபடாது.

1979 மாரியம்மன் திருவிழா. நான் வெளிப்புறமாகக் கடந்து முடித்தவள். திரும்பியதும் பழக்கதோஷத்தில் உள்ளே நுழைந்துவிட்டேன். எதிரில் வந்தவள் என்னைவிட ஒரு வயது இளையவள், அடுத்த லயத்துப் பிள்ளை. சரியாக உள்ளே வந்தவள், தோள் இடித்ததும் எனக்கு வழிவிட்டு வெளியே ஒதுங்கினாள். இரண்டு சுற்றில் கயிறுகள் இறுகிப் பூட்டிக் கொண்டன. சனங்கள் சிரித்தார்கள். பெரியப்பா அவளைத்தான் ஏசினார். மறுநாள் ஆட்டத்தில் அவள் இடத்தில் வேறொரு பெண் நின்றாள். நான் வாய் திறக்கவில்லை.

அன்றிரவு விளக்கு வெளிச்சத்தில் பெரியப்பா ஒவ்வொரு கயிறாகப் பிரித்துக் கொண்டிருந்தார். படுத்தபடியே பார்த்துக் கொண்டிருந்தேன். விடிந்ததும் அவர் தூங்காமலே பால்வெட்டுக்குப் போனார்.

அடுத்த ஆண்டே அவள் குடும்பம் வேறு தோட்டம் போய்விட்டது. எங்கள் தோட்டத்திலும் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, நாங்களும் வெளியேறினோம்.

சில ஆண்டுகளுக்கு முன் பீடோரில் ஒரு கல்யாண வீட்டில் அவளைப் பார்த்தேன். பேரன் பேத்தி எடுத்திருந்தாள். தயங்கித் தயங்கி உண்மையைச் சொன்னேன்.

"எனக்கு அப்பவே தெரியும் அக்கா. நீங்கதான் உள்ளே வந்தீங்க."

"ஏன் சொல்லலே?"

"அவரு உங்களுக்குப் பெரியப்பா. எனக்கு யாரு?"

எனக்குப் பேச்சு வரவில்லை. பந்திக்கு நேரமாகிறது என்று அவள்தான் என் கையைப் பிடித்து எழுப்பினாள்.