பதினோரு மணிக்கு வீட்டில் யார்?

'மெட்ராஸுக்குக் குடி போறேன்' என்று வாயைத் திறந்தால் போதும். தெரிந்தவர்களில் பாதிப் பேர் அந்த நிமிடமே வீட்டு புரோக்கர் ஆகிவிடுகிறார்கள். "பேசாம தாம்பரம் தாண்டிப் போயிடுங்க சார், இடம் தாராளம்" என்றார் ஒரு நண்பர். "ஓ.எம்.ஆர். பக்கம் பாருங்க. லிஃப்ட், ஜிம், நீச்சல்குளம் எல்லாம் இருக்கு" என்றார் இன்னொருவர். எங்கள் வீட்டில் நீச்சல் தெரிந்த ஒரே ஆள் அப்பா. அவர் பழகியது வலங்கைமானில், குடமுருட்டி ஆற்றில். வயது 74. நாலு முழ வேட்டியோடு குளத்தில் இறங்க விடுவார்களா என்று கேட்டேன். நண்பர் பேச்சை மாற்றிவிட்டார்.

நான் பி.காம். பகலில் ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு; ராத்திரி பத்திரிகைக்கு எழுத்து. இரண்டிலும் இல்லாததை இருப்பது போல் காட்டக் கூடாது என்பதுதான் கஷ்டம்! சென்னையில் எனக்கும் மனைவிக்கும் வேலை கிடைத்தது. பையனுக்குப் பள்ளிக்கூடம் பார்த்தாகிவிட்டது. பாக்கி அப்பா. அம்மா போன பிறகு வலங்கைமான் வீட்டில் தனி ஆள். ஒரு நாள் கொல்லையில் வழுக்கி விழுந்து, பால்காரர் வந்து தூக்கும்வரை முக்கால் மணி நேரம் அப்படியே கிடந்திருக்கிறார். இனி அவரை விட்டுவிட்டுப் போகிற பேச்சே இல்லை.

ஆனால் அவர் வர வேண்டுமே! முன்பு ஒரு தடவை அண்ணன் வீட்டுக்குப் போனார். புறநகரில் நாலாவது மாடி ஃப்ளாட். தரையில் முகம் பார்க்கலாம். பதினோராவது நாள் பஸ் ஏறித் திரும்பிவிட்டார். "என்னப்பா குறை?" என்றேன். "குறை ஒண்ணுமில்லடா. காலையில எல்லாரும் போயிடறாங்க. அப்புறம் நானும் ஃப்ரிட்ஜும்தான். அதுவாவது அப்பப்ப உறுமுது."

எனக்கு விஷயம் பிடிபட்டது அப்போதுதான். வீடு பார்க்கப் போகிறவர் ஆபீஸ் போகிறவர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வெயில் தாழ்ந்த பிறகு, ஆற அமரப் போய்ப் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார். செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு அங்கே இருக்கப் போகிறவர் வேறு ஒருவர். பேட்டையை அவர் கண்ணால் அல்லவா பார்க்க வேண்டும்?

அப்படிப் பார்த்ததில் தேறியது திருவல்லிக்கேணி.

பழம்பெருமைக்குப் பஞ்சமில்லாத இடம். பார்த்தசாரதி கோயிலில் பல்லவர் காலக் கல்வெட்டு இருக்கிறது. 1795-ல் கட்டிய வாலாஜா மசூதி நடக்கிற தூரம். பாரதியார் கண் மூடியதும், 1921-ல், இந்தப் பேட்டையில்தான். ஆனால் பெருமையைக் காட்டி வாடகையில் நூறு ரூபாய்கூடக் குறைக்க முடியாது சார்! நான் பார்த்த சரித்திரம் வேறு. வெளியூர்க்காரன் வந்து இறங்கி இறங்கியே பழகிப்போன பேட்டை இது.

எங்கள் பக்கத்துக்காரர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 1869-ல் வலங்கைமானில் பிறந்த வி.எஸ்.ஸ்ரீநிவாச சாஸ்திரி - அந்த 'வி'யே வலங்கைமான்தான் - இங்கே இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்தார். 1904-ல் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். மளிகை நியாய விலையில் கிடைக்க வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட சங்கம். கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன், 1912-ல் சென்னைத் துறைமுக ஆபீஸில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்குக் குமாஸ்தா. அவரும் இங்கே அனுமந்தராயன் கோயில் தெருவில் குடியிருந்திருக்கிறார். நானும் கணக்குதான், அவரும் கணக்குதான். வித்தியாசம் கொஞ்சம் இருக்கலாம்!

இப்படித் தலைமுறை தலைமுறையாக ஆட்கள் வந்ததால், புதிதாக வருகிறவனுக்குத் தேவையானதெல்லாம் காலடியில் இருக்கிறது. மேன்ஷன், மெஸ், இஸ்திரி வண்டி, செருப்புத் தைப்பவர், மருந்துக் கடை, கோயில் குளம். எல்லாவற்றுக்கும் மேலாக, பதினோரு மணிக்குத் தெருவில் மனிதர்கள்.

அடுத்தது வெயில். எங்கள் ஊர் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு நோயிலிருந்து பிழைத்தவர்கள், பங்குனியில் பாடையில் படுத்து, பிணம் போலவே தூக்கி வரப்படுவார்கள். பாடைக்காவடி என்று பெயர். "அதுல பொழைச்சவனையும் மெட்ராஸ் வேர்வை நெஜமாவே படுக்க வெச்சிடும்" என்பது அப்பாவின் கட்சி. அதில் உண்மை இருக்கிறது. கடலோரத்தில் காற்றில் ஈரம் அதிகம். வேர்வை லேசில் காயாது. காற்று வீசினால்தான் உடம்பு ஆறும். பகலில் நிலம் சீக்கிரம் சுடும், கடல் மெதுவாகச் சுடும். அந்த வித்தியாசத்தில் மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று கிளம்புகிறது. கரையோரப் பேட்டைக்கு முதல் பந்தி. உள்ளே தள்ளிப் போகப் போக, காற்று தாமதமாகவும் களைத்துப்போயும் வரும். பழைய வீட்டுக்குக் கனத்த சுவர், தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட மெட்ராஸ் டெரஸ், நடுவில் முற்றம். ஏ.சி. இல்லாத காலத்து மேஸ்திரி வேறு என்ன செய்வார்?

கணக்குப் பிள்ளை ஒரு பக்கத்தை மட்டும் எழுதினால் வேலை போய்விடும். பற்றுப் பக்கமும் இதோ. நாங்கள் பிடித்தது ஒண்டுக்குடித்தனத்தில் ஒரு போர்ஷன். மூன்று குடும்பத்துக்கு ஒரு மோட்டார். பின் அறையில் பகலிலும் லைட் போட வேண்டும். ஐப்பசி மழைக்குச் சமையலறையில் ஒரு மூலை ஒழுகும். அதற்கென்றே ஒரு குண்டான் ஒதுக்கியாயிற்று. ஸ்கூட்டர் நிறுத்த இடம் பிடிப்பது எம்.எல்.ஏ. சீட் பிடிப்பது மாதிரி. மனைவி ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "புது ஃப்ளாட்ல ரெண்டு பாத்ரூம் வரும்ங்க" என்றாள். நியாயமான பேச்சு. அவளுக்காகக் கிரைண்டருக்கு மேடையும், குளியலறைக்குப் புதுக் கதவும் என் செலவில் போட்டேன்.

அட்வான்ஸ் கொடுக்குமுன் அப்பாவைக் கூட்டி வந்தோம். அவர் வீட்டுக்குள்ளேயே போகவில்லை. திண்ணையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் தெருவையே பார்த்தார். எதிர் வீட்டுப் பெரியவர் "எந்த ஊர்?" என்று கேட்டார். அவ்வளவுதான். குறுவை, சம்பா, மேட்டூர் திறப்பு என்று போய்விட்டது பேச்சு. "ஒழுகினா ஒழுகட்டும்டா" என்றார் அப்பா.

இப்போது தெருவில் அவருக்குப் பெயர் 'வலங்கைமான் தாத்தா'. போன மாதம் ஒரு நாள் காலை பேப்பர் எடுக்க அவர் வெளியே வரவில்லை. பத்து நிமிடத்தில் எதிர் வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். லேசான ஜுரம், வேறொன்றுமில்லை. கொல்லையில் கிடந்த அந்த முக்கால் மணி நேரத்தை நினைத்துக்கொண்டேன். இந்தப் பத்து நிமிடத்துக்குத்தான் நான் வாடகை கொடுக்கிறேன்.

நீங்களும் கடலோர ஊருக்கு மாறுகிறீர்களா? ஒரு நாள் லீவு போடுங்கள். வேலை நாளில், காலை பதினோரு மணிக்குப் போய் அந்தத் தெருவில் நில்லுங்கள். தண்ணீர் எப்போது வரும் என்று பக்கத்துக் குடித்தனத்தைக் கேளுங்கள், வீட்டுக்காரரைக் கேட்காதீர்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு ஜன்னலைத் திறந்து காற்று வருகிறதா பாருங்கள். அதற்குள் யாராவது உங்களை "யாரு, என்ன வேணும்?" என்று கேட்டால் கோபப்படாதீர்கள். உடனே அட்வான்ஸைக் கொடுத்துவிடுங்கள்!