ரெண்டு கரிசல்

நாக்பூர் வந்து 11 வருஷமாச்சு. இங்கே எனக்கு முதல்ல சொந்தமாத் தெரிஞ்சது பாஷையோ சாப்பாடோ இல்லைங்க, மண்ணு. ஊருக்கு மேற்கே போனா அச்சு அசல் நம்ம கோவில்பட்டி கரிசல்.

ஆனா ரெண்டும் ஒரு தாய் வயித்துப் பிள்ளைங்க இல்லை. இங்கே தாய்ப்பாறை, சுமார் 6.6 கோடி வருஷத்துக்கு முன்னாடி வழிஞ்சோடின எரிமலைக் குழம்பு இறுகின பசால்ட். நம்ம பக்கம் எரிமலைக் குழம்பே வரலை; அங்கே நைஸ் பாறை. வெயிலும் மழையும் ரெண்டையும் நொறுக்கிக் கரைச்சு, ஒரே குணமுள்ள களிமண்ணா ஆக்கிடுச்சு. தண்ணி குடிச்சா உப்பும், காய்ஞ்சா சுருங்கி வெடிக்கும். மேல்மண்ணு வெடிப்புல விழுந்து, தன்னைத்தானே உழுதுக்கும். கறுப்பா இருக்கேன்னு மக்கு நிறைய இருக்கும்னு நினைச்சுடாதீங்க, கம்மிதான்.

பருத்திக்கு வரம், சுவருக்குத்தான் வினை. இங்கே ஒரு மனை பார்த்திருக்கேன். அசையாத மண்ணு வரைக்கும் துளை போட்டு, அடியில குமிழ் மாதிரி அகலமாக்கி கான்கிரீட் நிரப்பணும்னு இன்ஜினியர் சொல்றார். செலவு கூடும்.

நான் ஊருக்கே திரும்பிடுவேன்னு நம்பிட்டிருக்கிற அப்பாகிட்ட போன்ல சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"மண்ணு எப்படிடா?"

"நம்ம கரிசல் மாதிரியேதான்ப்பா."

"அப்ப மழை பெஞ்சா காலை விடாது. பார்த்துக்கோ."

திங்கட்கிழமை அட்வான்ஸ் கொடுக்கணும். இன்னும் முடிவு பண்ணலை.