உறையின்மேல் எழுதிய பெயர்

மாதத்தின் பதினெட்டாம் நாளே எங்கள் வீட்டு இணையத்தின் வேகம் தளர்ந்தது. அம்மாதத்துக்குரிய தரவளவு தீர்ந்துவிட்டதெனக் குறுஞ்செய்தி வந்தது. மூவர் மட்டுமே வாழும் வீடு. என் ஐயம் பன்னிரண்டாம் வகுப்பு பயிலும் மகளின் அறை வாசலில் போய் நின்றது. அங்கே நள்ளிரவிலும் விளக்கெரிவதைப் பலநாள் கண்டிருந்தேன்.

அன்றிரவு, ரவுட்டர் என்று நாம் வழங்கும் திசைவியின் அடியில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்து, 192.168.1.1 என்னும் முகவரியை உலாவியில் இட்டேன். கடவுச்சொல்லும் அத்தாளிலேயே அச்சாகியிருந்தது. வாங்கிய நாள்முதல் அதனை மாற்றாதது என் பிழையே. எட்டுக் கருவிகள் இணைந்திருப்பதாகப் பட்டியல் காட்டியது. விரல்விட்டு எண்ணினேன், ஏழுதான் தேறின. அயலார் எவரோ புகுந்துவிட்டார் என அஞ்சினேன். ஒவ்வொரு கருவிக்கும் 48 பிட் அளவுள்ள அடையாள எண் உண்டு. இக்காலக் கைப்பேசிகள் அதனை மறைத்து, புனைந்த எண்ணொன்றைக் காட்டவல்லவை. என் மனைவியின் கைப்பேசியே இரு எண்களில் இருமுறை பதிவாகியிருந்தது என அறிய ஒருமணி நேரம் ஆயிற்று.

அடுத்துச் செய்ததை எழுதத்தான் கை தயங்குகிறது. எந்தக் கருவி எந்தத் தளத்தை நாடுகிறது எனப் பதிவுசெய்யும் வசதி அத்திசைவியில் இருந்தது. அதனை இயக்கினேன். நான்கு நாள் எவரிடமும் சொல்லவில்லை.

இன்று பெரும்பாலான தளங்களின் செய்திகள் மறையாக்கம் பெற்றே பயணிக்கின்றன. திசைவி அறிவது உறையின்மேல் உள்ள பெயர், அதன் எடை, அது சென்ற நேரம், இவ்வளவே. உள்ளிருக்கும் எழுத்து அதற்குத் தெரியாது. அந்த அரைகுறை அறிவுதான் கொடியது. மகளின் கைப்பேசி மூன்று இரவுகள், ஒருமணி அளவில், மனநல ஆலோசனைத் தளம் ஒன்றை நாடியிருந்தது. தனக்காகவா? பாடத்துக்காகவா? பெயரை மட்டும் அறிந்த எனக்கு உறக்கம் போயிற்று.

நான் விடுதியில் தங்கிப் படித்த காலத்தில், எங்கள் கடிதங்களைக் காப்பாளர் பிரித்துப் படித்த பின்னரே தருவார். எழுத்தறியாத என் தாய் அண்டைவீட்டாரிடம் சொல்லி எழுதுவித்த கடிதத்தை ஒருநாள் உணவுக்கூடத்தில் உரக்கப் படித்தார். அந்தச் சினம் இன்றும் ஆறவில்லை. அந்தரங்க உரிமை அடிப்படை உரிமையே என 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்ததை வகுப்பில் விளக்கியவனும் நானே.

தரவைத் தின்றது என் பழைய கைப்பேசி! பள்ளி ஆண்டுவிழாக் காணொளிகளை இணையச் சேமிப்பகத்தில் ஏற்ற முயன்று, இடையில் அறுந்து, மீண்டும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தாள்.

“என்னிடமே கேட்டிருக்கலாமே, அப்பா.”

மறுமொழி என்னிடம் இல்லை.

“உங்கள் கைப்பேசியின் பதிவும் இதில் இருக்குமா?”

“இருக்கும்” என்று மடிக்கணினியை அவள்பக்கம் திருப்பினேன். என் கைப்பேசியின் பெயர்மேல் சுட்டியை நிறுத்தினாள், திறக்கவில்லை. பதிவு முழுவதையும் அழித்துவிட்டு அந்த வசதியை அணைத்தாள்.

“ஒரு தோழிக்காகத்தான் பார்த்தேன். அவள் யாரென்று கேட்காதீர்கள்.”

நான் கேட்கவில்லை. மாலையில் திசைவியின் கடவுச்சொல்லை அவளே மாற்றி, ஒரு தாளில் எழுதி என்னிடமும் தந்தாள்.